டயரில் பட்டன் இருக்கு, வயசு என்ன? மாற்றும் முன் பார்க்க வேண்டிய 4 இலக்கம்

வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் ஓடும் கார். டயரில் பட்டன் அப்படியே இருக்கும். ஆனாலும் வெயில் நேரத்தில், நெடுஞ்சாலை வேகத்தில் அந்த டயர் வெடிக்கலாம். ஓடினாலும் நின்றாலும் ரப்பருக்கு வயசாகும். இறுகிப்போய் பக்கவாட்டில் விரிசல் விழும்.

வயசை எப்படிக் கண்டுபிடிப்பது? டயரின் பக்கவாட்டில் ‘டிஓடி’ என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி 4 இலக்கங்களைப் பாருங்க. 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. சில டயர்களில் இது ஒரு பக்கம்தான் இருக்கும். அது உள்பக்கமாகப் போயிருந்தால், குனிந்து டார்ச் அடித்துத்தான் பார்க்கணும். 6 ஆண்டு ஆனால் பட்டன் இருந்தாலும் மாற்றச் சொல்கின்றன பல கார் நிறுவனங்கள்.

கடையில் ‘புது ஸ்டாக்’ என்று சொன்னாலும், மாட்டும் முன்பே இந்த எண்ணைப் பார்த்துடுங்க. மாட்டிய பிறகு கேட்டால் வாக்குவாதம்தான்.

சைஸ் பொருந்தினால் மட்டும் போதாது. 185/65 ஆர்15 88எச் என்றிருந்தால், 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கிறது. விலை குறைவு என்பதற்காக, கார் கையேட்டில் உள்ளதைவிடக் குறைந்த எண் வாங்கக் கூடாது.

டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியிலும் அந்த 4 இலக்கத்தைப் பாருங்க. ஓடாமலேயே வயசாவது அதுதான்.