மைதானத்து உரையாசிரியன்

றக்பி விளையாட்டுக்கு இன்று 21 சட்டங்கள் உள. 2018 ஆம் ஆண்டுக்கு முன்னர் 22 இருந்தன. அவற்றைச் சுருக்கி எளிய நடையில் திருப்பி எழுதினார்கள். எவ்வளவு சுருக்கினாலும் மத்தியஸ்தனின் வேலை சுருங்கிவிடவில்லை. சூத்திரம் சிறுத்தால் உரை பெருக்கும் என்பதைத் தமிழ் படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? குறளுக்கு உரை கண்ட பரிமேலழகருக்கு அவகாசம் இருந்தது. பிறர் உரையை எடுத்துவைத்து மறுக்கவும் இடம் இருந்தது. முப்பது பேர் மோதும் களத்தில் உரை சொல்பவனுக்கு ஒரு மூச்சு விடும் நேரந்தான் உண்டு. பதவுரையும் பொழிப்புரையும் அவனுக்கு விசில் ஒன்றே.

கொழும்பிலே பாடசாலைப் போட்டிகளுக்குப் பல்லாண்டு மத்தியஸ்தனாக நின்றவன் நான். என்னை மிகவும் சிந்திக்க வைத்தது ஏழாவது சட்டம். அது அனுகூலம் பற்றியது. ஒரு கட்சி பிழை செய்தவுடன் விசில் ஊத வேண்டியதில்லை. அப்பிழையால் மற்றக் கட்சிக்கு நன்மை விளையுமாயின் ஆட்டத்தை ஓடவிடலாம். எவ்வளவு நேரம்? எத்தனை மீற்றர்? சட்டம் சொல்லவில்லை. நன்மை தெளிவாகவும் மெய்யாகவும் இருத்தல் வேண்டும், வெறும் வாய்ப்பு மாத்திரம் போதாது என்று கூறி, தீர்ப்பை மத்தியஸ்தன் கையில் விட்டுவிடுகிறது. மழை நாளில் ஒரு பையன் பந்தை முன்னே தவறவிடுகிறான். எதிர்க்கட்சியான் பொறுக்கிக்கொண்டு ஓடுகிறான். நான் கையை நீட்டியபடி காத்திருப்பேன். வெளியே நிற்கும் தகப்பன்மார், “விசில் எங்கே?” என்று கூக்குரலிடுவார்கள். சேற்றிலே வழுக்கும் பந்து கையில் அகப்பட்டதனாலேயே அனுகூலம் கிடைத்துவிட்டதாகாது. காய்ந்த தரையில் அதே பந்து பொன். இந்த வேறுபாட்டை எந்தச் சட்டப்புத்தகத்திலும் காணமுடியாது.

ஆனால், சட்டம் வாய் திறந்து சொல்லியிருக்கும் இடத்தில், ‘விளையாட்டின் தர்மம்’ என்ற பெயரால் மத்தியஸ்தன் வேறு பொருள் கூறலாமா? 2017 பெப்ரவரி 26 ஆந் திகதி லண்டன் டுவிக்கென்ஹாம் மைதானத்தில் இங்கிலாந்தும் இத்தாலியும் ஆடியபோது எழுந்த கேள்வி இது. வீழ்த்தப்பட்டவனது பந்தின் மேல் இரு கட்சியினரும் நின்று நெருக்கிப் பொருதுவதை ‘றக்’ என்பர். றக் அமைந்துவிட்டால் ஏனையோர் தத்தம் ஓப்சைட் கோட்டுக்குப் பின்னால் நிற்கவேண்டும். அந்நாளைய சட்டப்படி றக் அமைவதற்குக் கட்சிக்கு ஒருவராவது வேண்டும். இத்தாலியர் என்ன செய்தார்கள் தெரியுமா? பல தடவைகள் எதிரியை வீழ்த்திய பின் ஒருவரையும் அனுப்பவில்லை! றக் இல்லை; ஆகவே கோடும் இல்லை. அவர்கள் சாவகாசமாக நடந்துபோய் இங்கிலாந்து ஆட்டக்காரர் நடுவிலே நின்றுகொண்டார்கள். இடைவேளையில் இத்தாலி 10, இங்கிலாந்து 5.

திகைத்துப்போன ஹாஸ்கெலும் ஹார்ட்லியும், என்ன செய்யலாம் என்று பிரெஞ்சு மத்தியஸ்தர் ரோமேன் புவாத்திடமே கேட்டார்கள். தாம் மத்தியஸ்தர், பயிற்றுநர் அல்லர் என்று அவர் கூறிவிட்டார். முடிவில் 36க்கு 15 என்று வென்றபோதிலும், இது றக்பியே அன்று எனச் சீறினார் இங்கிலாந்தின் பயிற்றுநர் எடி ஜோன்ஸ்.

நான் புவாத்தின் கட்சி. தந்திரம் அழகாயில்லை என்பதற்காக அவர் ஒரு பெனால்டி கொடுத்திருந்தால், சட்டத்தில் இல்லாத குற்றத்துக்குத் தண்டனை விதித்தவராவார். சூத்திரத்தில் ஓட்டை இருந்தால் அதனை அடைக்கவேண்டியவர் சூத்திரகாரர். உரைகாரர் அடைக்கப் புகுந்தால் மைதானத்துக்கு ஒரு றக்பி உண்டாகும். அவ்வாண்டிலேயே அடைத்தும்விட்டார்கள்: பந்தின் மேல் ஒருவன் காலூன்றி நின்றாலே ஓப்சைட் கோடு பிறந்துவிடும் என்று சட்டம் மாற்றப்பட்டது.

உரைக்கே இடமில்லாத இடமும் உண்டு. ஸ்கிரம் சரிந்தால் அனுகூலம் பார்த்து நிற்கலாகாது. உடனே ஊத வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. பின்னால் தள்ளுவோரின் பாரமெல்லாம் முன்வரிசைப் பையன்களின் கழுத்திலல்லவா இறங்குகிறது! ஒருமுறை ஆட்டம் முடிந்ததும் பயிற்றுநர் ஒருவர் என்னிடம் வந்து, “இன்னும் இரண்டு மீற்றர் தள்ளியிருந்தால் எங்களுக்கு ட்ரை, ஐயா” என்று குறைப்பட்டார். எதிர்க்கட்சி முன்வரிசைப் பையன் வேலியருகில் உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான். அவனைச் சுட்டிக் காட்டினேன். அவர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பின்பு அந்தப் பையனுக்குத் தண்ணீர் கொண்டுபோனார்.