சரிவான காணியில் மரத்தளம்: கட்டட அனுமதி எப்போது தேவை?

வெலிங்டனின் குன்றுச் சரிவுகளில் உள்ள வீடுகள் பலவற்றுக்குச் சமதளமான முற்றம் இல்லை. ஆதலால், வாசலை ஒட்டி ‘டெக்’ எனப்படும் மரத்தளம் அமைக்கக் குடியிருப்பாளர்கள் விரும்புகின்றனர். அதற்குக் கட்டட அனுமதி தேவையா என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது தளத்தின் பரப்பளவு அன்று; அங்கிருந்து ஒருவர் எவ்வளவு ஆழத்துக்கு விழக்கூடும் என்பதே.

உயரத்தை எங்கே அளப்பது?

2004ஆம் ஆண்டின் கட்டடச் சட்டத்தின் முதலாம் அட்டவணைப்படி, தளமே இடிந்தாலும் 1.5 மீற்றருக்கு மேல் விழ இடமில்லாத மரத்தளத்துக்கு அனுமதி வேண்டியதில்லை. இந்த உயரத்தை வாசற்படியருகே அளந்து முடிவு செய்யலாகாது. ஒவ்வொரு 2 மீற்றர் தூரத்துக்கும் நிலம் 1 மீற்றர் இறங்குகிறது எனக் கொள்வோம். வாசலில் நிலமட்டத்தில் தொடங்கி 4 மீற்றர் வெளியே நீளும் தளத்தின் விளிம்பு, தரையிலிருந்து 2 மீற்றர் உயரத்தில் நிற்கும். அதற்கு அனுமதி தேவை.

விலக்கு எதற்கு இல்லை?

அனுமதி தேவைப்படாத தளமும் கட்டட விதிக்கோவைக்கு இணங்க வேண்டும். 1 மீற்றரோ அதற்கு மேலோ விழக்கூடிய இடத்தில் பாதுகாப்புத் தடுப்பு கட்டாயமாகும். வீட்டு மரத்தளத்துக்கு 1 மீற்றர் உயரமுள்ள தடுப்பு ஏற்கப்படும். சிறு பிள்ளைகள் நடமாடும் வீடுகளில், 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள பந்து நுழையும் அளவுக்கு இடைவெளி இருத்தலாகாது. பிள்ளைகள் கால் வைத்து ஏறத்தக்க குறுக்குச் சட்டங்களையும் தவிர்க்க வேண்டும்.

தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை

• செங்குத்தான சரிவில் தூண்களின் அடித்தளம் குறித்துப் பொறியியலாளரின் ஆலோசனையைப் பெறுங்கள்.
• நிலத்தடியில் மழைநீர், கழிவுநீர்க் குழாய்கள் செல்கின்றனவா என அறியுங்கள்.
• எல்லைக்கு அருகில் கட்டுவதற்கோ மண் வெட்டுவதற்கோ வள ஒப்புதல் தேவைப்படலாம். அது கட்டட அனுமதியினின்று வேறானது.
• வாடகைக்குக் குடியிருப்போர் முதலில் வீட்டு உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதத்தைப் பெற வேண்டும்.

அனுமதியின்றிக் கட்டினால்

கட்டிய பின்னர் கட்டட அனுமதி வழங்கப்படுவதில்லை. ஏற்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். ஆயினும், பரிசோதிக்க முடிந்த பகுதிகளை மட்டுமே அது உள்ளடக்கும். சரிவில் தளத்தைத் தாங்கும் அடித்தளமோ அதற்குள் மண்ணில் மறைந்திருக்கும். வீட்டை விற்கும்போதும் காப்புறுதி கோரும்போதும் இக்குறை சிக்கலாகலாம்.

ஆகவே, மரம் வாங்குவதற்கு முன்னரே வரைபடம், விளிம்பின் உயர அளவு, காணியின் புகைப்படங்கள் ஆகியவற்றுடன் மாநகர சபையின் கட்டடப் பிரிவை அணுகுங்கள். தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டுமெனில், சந்திப்புக்கு நேரம் கேட்கும்போதே தெரிவியுங்கள்.