பிரேசில் சமையல் மண்ணூர்பேட்டையில் சாத்தியமா? மெயின் பொருள் நம்ம ஊர் கிழங்குதான்!

பிரேசில் உணவுன்னாலே 'எல்லாம் இம்போர்ட்டட் ஐட்டம், பட்ஜெட் தாங்காது' என்று ஒதுங்குபவர்கள்தான் அதிகம். ஆனால், அந்த நாட்டுச் சமையலின் அடித்தளமே மரவள்ளிக்கிழங்கு. அதாவது, நம்ம தள்ளுவண்டியில் விற்கும் குச்சிக்கிழங்கு!

கிழங்கு இங்கே வந்தது எப்படி?

அமேசான் காட்டின் தென் விளிம்பில் பழங்குடிகள் பயிராக்கிய கிழங்கு இது. 1880-களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் இதன் சாகுபடியை ஊக்குவித்தார். நம்ம ஊர் ஜவ்வரிசியும் இந்தக் கிழங்கு மாவில் தயாராவதுதான். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

முந்திரியும் பிரேசில்காரர்தான். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் கொண்டுவந்தார்கள். 'டாப்பியோக்கா', 'காஜு' ரெண்டுமே அங்குள்ள துப்பி மொழியிலிருந்து வந்த சொற்கள்.

தோசைக்கல்லில் டாப்பியோக்கா

பிரேசிலின் வடகிழக்கில் பிரபலமான காலை உணவு இது. எண்ணெய் வேண்டாம், அவனும் வேண்டாம்.

* ஒரு கப் டாப்பியோக்கா ஸ்டார்ச், உப்பு ஒரு சிட்டிகை. 3 முதல் 4 டேபிள் ஸ்பூன் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசிறவும். புட்டு மாவுப் பதம் போதும்.
* சல்லடையில் சலிக்கவும்.
* மிதமான சூட்டில் நான்ஸ்டிக் தவாவில் மெல்லிசாகப் பரப்பவும். சூட்டில் மாவு தானாக ஒட்டிக்கொள்ளும். ஒரு நிமிடத்தில் திருப்பிப் போடலாம்.
* துருவிய தேங்காய், கொஞ்சம் கண்டென்ஸ்டு மில்க் வைத்து மடித்தால் ரெடி.

ஜவ்வரிசியைப் பொடித்துப் போட்டால் வராது. தயாரிக்கும்போதே அது ஒருமுறை சூடுபட்டுவிடுகிறது. ஸ்டார்ச்சாகவே வாங்குங்க.

குடிக்க என்ன?

'லிமொனாடா சுயீசா' என்ற லெமன் ஜூஸ். பெயரில் சுவிட்சர்லாந்து இருந்தாலும் ஆள் பிரேசில். 2 எலுமிச்சையைத் தோலோடு நறுக்கி, விதை நீக்கி, 3 கப் தண்ணீர், 3 ஸ்பூன் கண்டென்ஸ்டு மில்க் சேர்த்து மிக்ஸியில் சில நொடிகள் மட்டும் அடிக்கவும். அதிகம் அடித்தால் கசக்கும். வடிகட்டி, ஐஸ் போட்டு உடனே குடிச்சிடணும்.

சண்டே ஸ்பெஷல்

கறுப்பு பீன்ஸும் பன்றி இறைச்சியும் சேர்ந்து கொதிக்கும் 'ஃபெய்ஜுவாடா'தான் பிரேசிலின் ஃபேமஸ் குழம்பு. சாதம், ஆரஞ்சுத் துண்டுகள், வறுத்த மரவள்ளி மாவு பக்கவாத்தியம். இங்கே ராஜ்மாவில் செய்யலாம். இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு குக்கரில் நன்றாக வேகவைக்கணும். அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும்.

இதை மட்டும் மறக்காதீங்க

மரவள்ளிக்கிழங்கைப் பச்சையாகச் சாப்பிடவே கூடாது. உடலுக்குள் சயனைடாக மாறக்கூடிய பொருள் அதில் இருக்கிறது. தடித்த தோலை முழுசாக உரித்து, துண்டுகளாக்கி, நிறைய தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடவும். கிழங்கு கசந்தால் அப்படியே தூக்கிப் போட்டுடுங்க.

பிரேசிலின் பாரா மாநிலத்தில் மரவள்ளி இலையில் 'மனிசோபா' என்ற குழம்பு வைக்கிறார்கள். நச்சு போவதற்காகவே அந்த இலையை ஏறக்குறைய ஒரு வாரம் கொதிக்கவிடுகிறார்கள். பிறந்த ஊரிலேயே இந்தக் கிழங்குக்கு அவ்வளவு மரியாதை. நாம 20 நிமிஷமாவது கொடுக்கலாமே!