பெட்டிக்குள் அடங்கிய மோட்டார் சைக்கிள்

பரசூட்டில் இறங்கும் போர்வீரனுக்கு நிலத்தில் கால் பட்ட கணத்திலேயே புதியதோர் இடர் தொடங்கிவிடுகின்றது. மலையையும் ஆற்றையும் ஒரு பொருட்டாக எண்ணாது விமானம் அவனைப் பகைப்புலத்தினுள்ளே கொண்டு போய்ச் சேர்த்துவிடுகின்றது. இறங்கிய பின்னரோ அவன் வெறுங் காலாள். கைப்பற்ற வேண்டிய பாலம் பல மைல்களுக்கு அப்பால் இருக்கும். அவன் நடந்து சேருமுன் பகைவன் விழித்துக்கொள்வான். இவ்விடரைத் தீர்ப்பதற்காக இரண்டாம் உலக யுத்த காலத்தில் இங்கிலாந்திலே ஒரு விசித்திர வாகனம் செய்யப்பட்டது. வெல்பைக் என்பது அதன் பெயர்.

இலண்டனுக்கு வடக்கேயுள்ள வெல்வின் என்னும் ஊரின் அருகில், ‘த பிரித்’ என்ற பழைய மாளிகை ஒன்றிலே, பிரித்தானிய இரகசியப் போர்த் திணைக்களம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நடத்தி வந்தது. அங்கே தோன்றிய கருவிகள் பலவற்றுக்கு ஊர்ப் பெயரின் முதலெழுத்துக்களையே சூட்டினர். ஓசையடக்கிய கைத்துப்பாக்கி வெல்றொட். ஒருவர் மட்டும் செலுத்தும் நீர்மூழ்கி வெல்மன். வெல்பைக்கும் அவற்றின் உடன்பிறப்பே. நிலையத்தின் தலைவரான ஜோன் டொல்பின் இதற்குத் தூண்டுகோலாயிருந்தார். முதல் மாதிரியை அமைத்தவர் ஹரி லெஸ்டர்.

பொதுவாக ஒரு வாகனத்தை அமைப்பவர் வீதியை முதலில் எண்ணுவர். இங்கோ பெட்டியை எண்ண வேண்டியதாயிற்று. ஆயுதங்களைப் பரசூட்டில் இறக்குவதற்கென ஓர் உலோகக் கொள்கலம் முன்னரே வழக்கில் இருந்தது. அதன் நீளம் 51 அங்குலம். அகலமும் உயரமும் ஏறக்குறைய ஓர் அடி. விமானத்தில் குண்டு தொங்கும் இடத்திலே தொங்க வேண்டியதாகையால் அதனைப் பெருப்பிக்க வழியில்லை. ஆகவே மோட்டார் சைக்கிளே சிறுக்க வேண்டியதாயிற்று. கைபிடிகள் மடிந்தன, ஆசனம் குழாயினுள் இறங்கியது, கால்மிதிகளும் மடங்கின. கொள்கலத்திலிருந்து எடுத்து விரிப்பதற்குப் பதினொரு விநாடி போதுமென்றனர். 98 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள வில்லியர்ஸ் எஞ்சின் அதனை இயக்கியது. நிறை 71 இறாத்தல் மட்டுமே. வலிமையுள்ள ஒருவன் தூக்கிச் செல்லலாம்.

பெற்றோல் தாங்கியின் கதை தனியே சொல்லத் தக்கது. சாதாரண மோட்டார் சைக்கிளில் தாங்கி எஞ்சினுக்கு மேலே இருக்கும். எண்ணெய் தன் பாரத்தினாலேயே கீழிறங்கிக் காபரேற்றரை அடையும். ஓரடி உயரப் பெட்டியில் அதற்கு இடமேது? எனவே தாங்கியைத் தாழ்த்தி வைத்தனர். தாழ்த்தியதும் எண்ணெய் மேலேற மறுத்தது. அதற்குப் பரிகாரமாகச் சிறு கைப்பம்பு ஒன்றைப் பொருத்தி, தாங்கிக்குள் காற்றை அடைத்து, அவ்வழுத்தத்தால் எண்ணெயை மேலேற்றினர். ஏறக்குறைய ஆறரைப் பைந்து பெற்றோலுடன் 90 மைல் வரை ஓடும் எனக் கணக்கிட்டனர். இயந்திரக் கலை பயிலாதவரும் வியந்து பாராட்டக்கூடிய உபாயம் இது.

இவ்வாறு மிச்சம் பிடித்ததற்கு விலை கொடுக்காமல் இருக்க முடியவில்லை. வில் இல்லை, விளக்கு இல்லை, கியர் மாற்றும் வசதியில்லை, பின் சில்லுக்கு மட்டுமே பிரேக். உதைத்துக் கிளப்பும் நெம்புகோலும் இல்லாமையால் தள்ளிக்கொண்டு ஓடியே கிளப்ப வேண்டும். 1942ஆம் ஆண்டுச் சோதனைகளின் பின்னர் பர்மிங்காமிலுள்ள எக்செல்சியர் தொழிற்சாலை மூவாயிரத்து அறுநூறு வரையான வண்டிகளைச் செய்து கொடுத்தது.

களத்திலே கண்டது வேறு. பாரங் கூடிய கொள்கலம் மனிதரிலும் விரைந்து விழுந்து, வேறோரிடத்தைச் சேர்ந்தது. புதருக்குள் பெட்டியைத் தேடியலைந்த நேரத்தில் வீரன் கணிசமான தூரம் நடந்திருப்பான். தேடிப் பெற்றாலும், சிறு சில்லுகள் உழுத நிலத்தில் புதைந்தன. பலர் அதனை அங்கேயே போட்டுவிட்டு நடந்தனர். 1944 செப்டெம்பரில் ஒல்லாந்தின் ஆர்ன்ஹெம் பாலத்தைப் பிடிக்கச் சென்ற பிரித்தானியப் படையினர் ஆறு முதல் எட்டு மைல் தூரத்திலே இறங்கினர். வெல்பைக் எந்தத் தூரத்தைக் கடப்பதற்காகப் பிறந்ததோ அதே தூரம்! வெல்பைக்குகள் சிலவும் உடன் சென்றன. ஆயினும் பெரும்பாலோர் கால்நடையாகவே சென்றனர். பாலத்தின் வடகரையை அடைந்தது ஒரு சிறு பிரிவே.

அதற்குள் பெரிய கிளைடர் விமானங்கள் ஜீப் வண்டிகளையே ஏற்றிச் செல்லத் தொடங்கிவிட்டன. 125 கன சென்ரிமீற்றர் றோயல் என்பீல்ட் வண்டியோ பெட்டிக்குள் புகாமல், குழாய்ச் சட்டமொன்றில் நின்றபடியே பரசூட்டில் இறங்கியது. நிறை ஏறக்குறைய இருமடங்கு. எனினும் அது உண்மையான மோட்டார் சைக்கிள். வாகனத்தைப் பெட்டிக்கு ஏற்ப வெட்டாமல், வாகனத்துக்கு ஏற்ற கூட்டைச் செய்தவர்களே வழியைச் சரியாகக் கண்டனர் என்பது என் கருத்து. வெல்பைக்குகளுக்கு விமானத் தளங்களில் ஏவல் வேலை கிடைத்தது. நீண்ட ஓடுபாதைகளில் ஆட்கள் அங்குமிங்கும் செல்ல அவை நன்கு உதவின.

யுத்தம் முடிந்தபின், முன் பிரேக் இல்லாத குறையால் அவை பிரித்தானிய வீதிகளுக்கு ஆகாதனவாயின. மிஞ்சியவற்றுட் பல அமெரிக்காவில் விலைப்பட்டன. ஆனால் அதன் உருவம் அழியவில்லை. விளக்கும் முன் பிரேக்கும் சேர்த்து, புறொக்ஹவுஸ் என்ற நிறுவனம் ‘கோர்கி’ எனும் பெயரில் அதனைப் பொதுமக்களுக்குச் செய்து விற்றது. பெற்றோல் பங்கீட்டில் திண்டாடிய இங்கிலாந்து மக்கள் அதில் வேலைக்குப் போய்வந்தனர். 1954இல் உற்பத்தி நிற்கும்போது இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட கோர்கிகள் வெளிவந்திருந்தன. அவற்றின் கைபிடியும் மடியக்கூடியதாகவே இருந்தது.