கருப்பட்டி காபியும் சுகர்தான்! கர்ப்பிணிகளே... சோத்தை விட வேண்டாம், அளவை மாத்துங்க

ராமநாதபுரம்:

"ரெண்டு உசுருக்குச் சேர்த்துச் சாப்பிடும்மா... இன்னும் ஒரு கரண்டி சோறு வச்சுக்க..."

ராமேசுவரம் தீவில் இருந்து தொண்டி வரை, கடற்கரை ஊர்களில் கர்ப்பிணி இருக்கும் வீடுகளில் தினமும் கேட்கும் குரல் இது. அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஏழாம் மாதம் செக்கப்புக்குப் போன இடத்தில் நர்சம்மா, "உங்களுக்கு சுகர் இருக்கும்மா" என்று சொன்னதும் வீடே ஆடிப்போகிறது.

"எங்க வம்சத்துலயே யாருக்கும் சுகர் இல்லையே" என்கிறார் மாமியார். "நீ இனிப்பைத் தின்னு தின்னுதான் வந்துச்சு" என்று பழி பெண் மேல் விழுகிறது. பயந்துபோன பெண்ணோ, ஒரேயடியாகச் சோற்றை விட்டுவிட்டு ரெண்டு பிஸ்கட்டோடு படுத்துக் கொள்கிறார். இந்த மூன்றுமே தப்பு.

கர்ப்பகால சர்க்கரை நோய் என்பது என்ன? சாப்பாட்டை எப்படி மாற்றினால் தாயும் பிள்ளையும் நலமாக இருக்கலாம்? கடற்கரை வீட்டு அடுப்படியில் இருக்கும் பொருட்களை வைத்தே பார்க்கலாம்.

யார் மேல் தப்பு?

யார் மேலும் தப்பு இல்லை. வயிற்றில் பிள்ளை வளரும்போது நஞ்சுக்கொடியில் இருந்து சில ஹார்மோன்கள் சுரக்கின்றன. பிள்ளைக்குச் சத்து போய்ச் சேர வேண்டும் என்பதற்காக, தாயின் உடம்பில் இன்சுலின் வேலை செய்வதை இவை மட்டுப்படுத்துகின்றன. பெரும்பாலான பெண்களின் கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரந்து சமாளித்து விடும். சிலருக்கு அது முடியாமல் போகும். அப்போது ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. பரம்பரை, உடல் எடை, வயது ஆகியவையும் இதில் சேரும். ஒல்லியான பெண்ணுக்கும் வரலாம்.

தமிழ்நாட்டில் இது அபூர்வமான நோய் அல்ல. சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி.சேஷய்யா குழுவினர் தமிழகத்தில் நடத்தி 2008-ல் வெளியிட்ட ஆய்வில், நகரங்களில் 17.8 சதவீதம், சிறு நகரப் பகுதிகளில் 13.8 சதவீதம், கிராமங்களில் 9.9 சதவீத கர்ப்பிணிகளுக்கு இது இருப்பது தெரியவந்தது. கிராமத்திலேயே பத்தில் ஒருவர்! இந்தத் துறையில் செய்த பணிக்காக 2022-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவரது பிறந்த நாளான மார்ச் 10, நாட்டில் கர்ப்பகால சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

பிள்ளைக்கு என்ன ஆகும்?

தாயின் ரத்தத்தில் உள்ள சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. அதனால் வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்கப் பிள்ளையே கூடுதல் இன்சுலினைச் சுரக்கிறது. விளைவு, பிள்ளை அளவுக்கு மீறிப் பெருக்கிறது. "நல்லா கொழுகொழுன்னு 4 கிலோ" என்று சந்தோஷப்படும் விஷயம் அல்ல இது. பிரசவத்தில் தோள் சிக்கிக் கொள்ளலாம். ஆபரேஷன் தேவைப்படலாம். தொப்புள்கொடியை வெட்டியதும் தாயிடம் இருந்து வந்த சர்க்கரை நின்று போகும். பிள்ளையின் இன்சுலினோ உடனே குறையாது. அதனால் பிறந்த சில மணி நேரத்தில் பிள்ளைக்குச் சர்க்கரை திடீரென இறங்கும் ஆபத்தும் உண்டு. தாய்க்கு ரத்தக்கொதிப்பு வரும் வாய்ப்பும் கூடுகிறது.

தீவில் இருப்பவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். சிக்கலான பிரசவம் என்று ராமேசுவரத்தில் இருந்து ராமநாதபுரத்துக்கு அனுப்பினால், பாம்பன் பாலம் தாண்டி சுமார் 55 கிலோ மீட்டர் போக வேண்டும். வலி எடுத்த பிறகு ஆம்புலன்சில் பதறிக்கொண்டு போவதை விட, ஏழாம் மாதத்திலேயே சர்க்கரையைப் பிடித்து அடக்குவது நல்லது.

வளைகாப்பு மாதமே சோதனை மாதம்

அரசு விதிமுறைப்படி கர்ப்பிணிகளுக்கு 2 முறை சோதனை செய்ய வேண்டும். முதல் முறை, கர்ப்பத்தைப் பதிவு செய்யப் போகும்போதே. அதில் சர்க்கரை இல்லை என்றால், 24 முதல் 28 வாரத்துக்குள் மீண்டும் ஒருமுறை. இது சரியாக ஏழாம் மாதம். அதாவது வளைகாப்பு போடும் நேரம்.

சோதனை சுலபமானது. 75 கிராம் குளுக்கோசை 300 மில்லி தண்ணீரில் கரைத்து, 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடிக்கச் சொல்வார்கள். 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால சர்க்கரை நோய். இதற்கு வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மட்டும் மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் காசு இல்லாமல் செய்கிறார்கள். தாகமாக அடிக்கடி தண்ணீர் குடித்தால்தான் சுகர் என்று நினைக்க வேண்டாம். பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது.

சாப்பாடுதான் முதல் மருந்து

சுகர் என்று தெரிந்ததும் உடனே ஊசி போட மாட்டார்கள். முதல் 2 வாரம் சாப்பாட்டு முறையும், தினமும் அரை மணி நேர நடையும்தான் வைத்தியம். அதன் பிறகு சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனையில் 120-க்குக் கீழே இருந்தால், அதே சாப்பாட்டைத் தொடரலாம். 120 அல்லது அதற்கு மேல் என்றால் மாத்திரையா, இன்சுலினா என்று டாக்டர் முடிவு செய்வார்.

இங்கே முக்கியமான விஷயம், பட்டினி கிடக்கக் கூடாது. வயிற்றில் வளரும் பிள்ளைக்கும் சோறு வேண்டும். ஆனால் ஒரே வேளையில் குவித்துச் சாப்பிடாமல் பிரித்துச் சாப்பிட வேண்டும். 3 வேளை சாப்பாடு, நடுவில் 2 அல்லது 3 முறை சிறு தீனி. ஒரு வேளையைக் கூட விடக் கூடாது.

தட்டை மனதுக்குள் 4 பங்காகப் பிரித்துக் கொள்ளுங்கள். 2 பங்கு காய், கீரை. ஒரு பங்கு மீன், முட்டை, பருப்பு அல்லது பயறு. மிச்சம் ஒரு பங்குதான் சோறு. நம் வீடுகளில் இது தலைகீழாக இருக்கிறது. தட்டு நிறையச் சோறு, ஓரத்தில் கொஞ்சம் கூட்டு. அதை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

கருப்பட்டி நல்லதுதானே?

இந்த மாவட்டத்தில் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். "சீனியை விட்டுட்டோம், சாயல்குடி கருப்பட்டிதான் போடுறோம்" என்கிறார்கள். கருப்பட்டியில் கொஞ்சம் தாதுச்சத்து இருப்பது உண்மை. ஆனால் அதில் பெரும்பங்கு சுக்ரோஸ். சீனியில் இருப்பதும் அதேதான். ரத்தத்துக்குக் கருப்பட்டி, வெல்லம், சீனி, தேன், பனங்கற்கண்டு என்ற பேதம் தெரியாது. பதநீரும் இந்தக் கணக்கில்தான் வரும். இளம் நுங்கு என்றால் ஒன்றிரண்டு சுளையோடு நிறுத்திக் கொள்ளலாம். பனங்கிழங்கு மாவுச்சத்து. அதைத் தின்றால் அந்த நேரத்துக்கு வேறு பலகாரம் வேண்டாம்.

கீழக்கரை தொதல், வட்டிலப்பம், வளைகாப்புக்கு வரும் லட்டு, அதிரசம் எல்லாம் பிரசவம் முடியும் வரை அடுத்தவர்களுக்கு. வளைகாப்பில் ஆசையாக ஊட்டுகிறார்களே என்றால், கலந்த சாதத்தில் ஒரு வாய் வாங்கிக் கொண்டு சுண்டலைச் சாப்பிடலாம். ஊட்ட வருபவர்களிடம், "மதினி, எனக்கு சுகர் இருக்கு" என்று சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

அங்கன்வாடியில் தரும் சத்துமாவில் வெல்லம் சேர்ந்திருக்கும். அதை வீசிவிட வேண்டாம். எவ்வளவு சாப்பிடலாம் என்று கிராம சுகாதார நர்சிடம் கேட்டுக் கொள்ளுங்கள். டின்னில் வரும் மாவு பானங்கள், பழ ஜூஸ், பாட்டில் கூல்டிரிங்ஸ், ரஸ்க், பரோட்டா ஆகியவற்றை ஒதுக்கி விடுங்கள்.

கடல் தரும் வரம்

மீனில் சர்க்கரையை ஏற்றும் மாவுச்சத்து கிடையாது. புரதம் நிறைய. சாளை, நெத்திலி, சூடை போன்ற சிறு மீன்கள் விலையும் குறைவு, பிள்ளையின் மூளை வளர்ச்சிக்குத் தேவையான நல்ல கொழுப்பும் அவற்றில் உண்டு. பொரிப்பதை விடக் குழம்பு வைப்பது, அவிப்பது நல்லது. பெரிய சுறா போன்ற மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கலாம் என்பதால் கர்ப்ப காலத்தில் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கையில் காசு குறையும், மீனும் விலை ஏறும். அப்போது சோறும் ரசமும் என்று ஓட்டுவார்கள். அந்த நாட்களில் முட்டை, ரேஷன் துவரம்பருப்பு, தட்டாம்பயறு, பாசிப்பயறு, கொண்டைக்கடலை கை கொடுக்கும். வீட்டு வாசல் முருங்கைக்கீரைக்குக் காசு கிடையாது. கருவாடு ஆசை என்றால் நன்றாக ஊறவைத்து அலசிக் கொஞ்சமாகச் சேர்க்கலாம். ஆனால் ரத்தக்கொதிப்பு இருப்பவர்களுக்குக் கருவாட்டு உப்பு ஆகாது.

ஒரு நாள் சாப்பாடு இப்படி...

காலை 6.30 மணி: சீனி போடாத பால் ஒரு டம்ளர்.

காலை 8.30: இட்லி 3 அல்லது தோசை 2, காய் போட்ட சாம்பார், ஒரு அவித்த முட்டை.

காலை 11: மோர், ஒரு சின்னக் கொய்யாப்பழம்.

மதியம் 1: ஒரு கப் சோறு, மீன் குழம்பு, ரெண்டு துண்டு மீன், கீரை, புடலை அல்லது அவரைப் பொரியல் நிறைய.

மாலை 4: ஒரு கிண்ணம் சுண்டல், சீனி இல்லாத டீ.

இரவு 8: சப்பாத்தி 2, காய் கூட்டு, பருப்பு.

படுக்கும் முன்: சீனி இல்லாத பால் அரை டம்ளர்.

இது பொதுவான ஒரு மாதிரிதான். எடை, வேலை, மாதம் ஆகியவற்றைப் பார்த்து உங்கள் அளவை டாக்டரோ நர்சோ கூட்டிக் குறைப்பார்கள். பழைய சோறு, கேழ்வரகுக் கூழ் என்றாலும் அளவு அளவுதான். "கேப்பைதானே" என்று சொம்பு சொம்பாகக் குடித்தால் சுகர் ஏறத்தான் செய்யும்.

சாப்பிட்டதும் படுக்காமல் 10, 15 நிமிடம் மெதுவாக நடங்கள். வெயில் தாழ்ந்த பிறகு கடற்கரையில் நடக்கலாம். டாக்டர் ஓய்வில் இருக்கச் சொன்னவர்கள் மட்டும் நடக்க வேண்டாம்.

நோன்பு இருக்கலாமா?

கர்ப்பிணிகளுக்கு ரமலான் நோன்பில் சலுகை உண்டு. விட்ட நோன்பைப் பிறகு நோற்கலாம். சுகர் உள்ளவர்கள், அதிலும் இன்சுலின் போடுபவர்கள், டாக்டரைக் கேட்காமல் நோன்பு பிடிப்பது ஆபத்து. பகல் முழுக்கப் பட்டினியும், மாலையில் கஞ்சி, வடை, சர்பத் என்று மொத்தமாகச் சாப்பிடுவதும் சர்க்கரையை ஏற்றி இறக்கிவிடும். வெள்ளி, செவ்வாய் விரதம் இருப்பவர்களுக்கும் இதே பேச்சுதான்.

செக்கப் நாளில் மட்டும் பத்தியமா?

நர்சம்மா திட்டுவார் என்று செக்கப்புக்கு முந்தின நாள் மட்டும் பத்தியம் இருந்து, நல்ல ரிசல்ட் காட்டிவிட்டு வருபவர்கள் உண்டு. ஏமாறுவது நர்சம்மா அல்ல, வயிற்றுப் பிள்ளை. ஏறியதை ஏறியபடி காட்டினால்தான் சரியான மருந்து கிடைக்கும்.

இன்சுலின் போடச் சொன்னால் பயப்பட வேண்டாம். அது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகாது. ஆயுசு முழுக்கப் போட வேண்டும் என்பதும் இல்லை. பலருக்குப் பிரசவத்தோடு நின்றுவிடும். ஊசி போட்டவர்களுக்குக் கை நடுக்கம், குப்பென்று வியர்வை, படபடப்பு வந்தால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். உடனே 3 டீஸ்பூன் குளுக்கோசை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். பிள்ளையின் அசைவு குறைந்தது போல் தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-க்குப் போன் போடுங்கள்.

பிரசவம் முடிஞ்சா எல்லாம் முடிஞ்சதா?

நஞ்சுக்கொடி வெளியேறியதும் பெரும்பாலானவர்களுக்குச் சர்க்கரை இறங்கிவிடும். பிள்ளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். பிள்ளைக்குச் சர்க்கரை இறங்காமல் இருக்க அதுதான் முதல் காவல். சீனித் தண்ணீர், தேன் தொட்டு வைப்பது கூடாது.

பலர் இதோடு மறந்து விடுகிறார்கள். 6 வாரம் கழித்துத் தாய்க்குத் திரும்பச் சோதனை செய்வது கட்டாயம். 13 லட்சம் பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து 2020-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வில், கர்ப்பகால சுகர் வந்த பெண்களுக்குப் பின்னாளில் நிரந்தர சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் சுமார் 10 மடங்கு என்று தெரியவந்தது. பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போகும் அன்றே தாயும் ரத்தம் கொடுத்துவிட்டு வரலாம். பிறகு வருஷம் ஒருமுறை பார்த்துக் கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு மாதமும் 9-ந்தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்குச் சிறப்பு இலவசப் பரிசோதனை நடக்கிறது. சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.

கடைசியாக வீட்டு ஆம்பளைகளுக்கு ஒரு வார்த்தை. கடலுக்குப் போய்விட்டு வரும்போது பலகாரப் பொட்டலத்துக்குப் பதில் கால் கிலோ கொய்யாவும், ஒரு கட்டுக் கீரையும் வாங்கி வாருங்கள். வீட்டில் எல்லோரும் அதே சாப்பாட்டைச் சாப்பிட்டால், கர்ப்பிணிக்கு அது பத்தியமாகவே தெரியாது.