சுவரில் தொங்கிய சென்னைப் பெட்டி!

உங்கள் வீட்டில் இன்டர்நெட் இருக்கிறதா? அப்படியானால் டிவிக்குப் பின்னாலோ, அலமாரி மேலேயோ, பச்சை விளக்குகள் கண்சிமிட்டும் ஒரு பெட்டி இருக்கும். கார்ட்டூன் பாதியில் நின்றுவிட்டால் வீட்டில் எல்லோரும் முறைப்பது அந்தப் பெட்டியைத்தான்! அதற்கு ஒரு தாத்தா உண்டு. அவர் பெயர் மோடம்.

1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். நிறுவனம் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் இணைப்பு தரத் தொடங்கியது. முதலில் இணைப்பு கிடைத்த நகரங்களில் சென்னையும் ஒன்று. (அப்போது 'மெட்ராஸ்' என்பதுதான் அதிகாரப்பூர்வப் பெயர்.) இணைப்பு வந்தது எதன் வழியாகத் தெரியுமா? சாதாரண டெலிபோன் கம்பி வழியாக!

கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது 0, 1 என்ற இரண்டே எண்கள். டெலிபோன் கம்பியோ மனிதக் குரலைக் கொண்டுபோகப் போடப்பட்டது. மோடம் அந்த எண்களைச் சத்தமாக மாற்றிக் கம்பியில் அனுப்பும். மறுமுனையில் உள்ள மோடம் சத்தத்தை மீண்டும் எண்களாக மாற்றும். இணைப்பு கிடைக்கும்போது 'கீ...ங், கர்ர்ர்' என்று ஒரு கூச்சல் கேட்கும். அம்மா, அப்பாவைக் கேட்டுப் பாருங்கள், அதை நடித்தே காட்டுவார்கள்!

இந்த மோடம் ஒரு நொடியில் அனுப்பக்கூடியது அதிகபட்சம் 56,000 பிட். ('பிட்' என்பது ஒரு 0 அல்லது ஒரு 1.) ஒரு சுமாரான புகைப்படத்தில் 80 லட்சம் பிட் இருக்கும். வகுத்துப் பாருங்கள். ஒரே படம் வந்து சேர இரண்டு நிமிடத்துக்கு மேல்! அதுவரை போனில் யாரும் பேச முடியாது. தெரியாமல் பாட்டி போனை எடுத்துவிட்டால், இணைப்பு போச்சு!

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. டெலிபோன் இருந்தால்தானே மோடம்? அந்தக் காலத்தில் போனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் ஏராளம். தொலைபேசி நிலையத்திலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தெருவைத் தோண்டி, ஒரு ஜோடி செம்புக் கம்பி இழுக்க வேண்டும். ஒரு இணைப்புக்கு முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். கிராமத்துக்கு யார் இழுப்பார்கள்?

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா. அவரும் 'டெநெட்' என்ற குழுவைச் சேர்ந்த சக பேராசிரியர்களும் 1990களில் ஒரு இலக்கு வைத்துக்கொண்டார்கள். இணைப்புச் செலவைப் பத்தாயிரம் ரூபாய் அளவுக்குக் குறைக்க வேண்டும். அதற்கு என்ன வழி? வீடு வரைக்கும் வரும் அந்தக் கடைசிக் கம்பியையே எடுத்துவிட்டு, ரேடியோ அலையை வைப்பதுதான்! ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள் தொடங்கிய 'மைடாஸ்' என்ற நிறுவனமும் கைகோத்தது. 'கார்டெக்ட்' பிறந்தது.

அது எப்படி வேலை செய்தது? தாம்பரத்தில் ஒரு கோபுரம் நட்டதாக வைத்துக்கொள்வோம். நடுவில் மலையோ உயரமான கட்டடமோ மறைக்காவிட்டால், சுமார் 10 கிலோமீட்டர் தூரம் வரை அதன் அலை போகும். வடக்கே குரோம்பேட்டை, பல்லாவரம், தெற்கே வண்டலூர் எல்லாம் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். வீட்டுக் கூரையில் சின்ன ஆன்டெனா, உள்ளே சுவரில் ஒரு பெட்டி. பெட்டியின் ஒரு துளையில் போன், இன்னொரு துளையில் கம்ப்யூட்டர். அலையில் போவதே 0, 1 எண்கள்தான் என்பதால், சத்தமாக மாற்றும் மோடம் தேவையே இல்லை. நொடிக்கு 70,000 பிட் போகும். பாட்டி போன் பேசினாலும் இணைப்பு அறுந்துவிடாது. வேகம் பாதியாகும், அவ்வளவுதான்!

70,000 பிட் என்பது இன்று நமக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் மதுரை மாவட்டம் மேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே 2001ஆம் ஆண்டு இறுதியில் இருந்து, இந்தப் பெட்டியை வைத்து இன்டர்நெட் மையங்கள் திறக்கப்பட்டன. கண் மங்கலாகத் தெரிகிறது என்று வருகிறவரின் கண்ணை, மையத்தில் இருப்பவர் வெப்கேமராவில் படம் பிடிப்பார். படம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போகும். உடனே வர வேண்டுமா, மருந்து போதுமா என்று டாக்டர் பதில் சொல்வார். கூலி வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறிய பிறகுதான் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலை மாறியது. அதே மையத்தில் இருந்தே, சான்றிதழ் கேட்டு தாலுகா அலுவலகத்துக்கு மின்னஞ்சலும் அனுப்பினார்கள்.

கார்டெக்ட் கடல் கடந்து மடகாஸ்கர், ஃபிஜி வரைக்கும் போனது. ஜுன்ஜுன்வாலாவுக்கு 2002இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆனால் செல்போன் மலிவாகி ஊர் ஊராகப் பரவியதும், சுவர்ப் பெட்டிக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. மின்னணுப் பொருட்களுக்கு ஆயுள் கம்மி!

சரி, இப்போது உங்கள் வீட்டுப் பெட்டிக்கு வருவோம். இன்று பல வீடுகளுக்கு முடி போல் மெல்லிய கண்ணாடி இழை வருகிறது. அதில் ஒளியாக வரும் தகவலை மின்சாரமாக மாற்றுவது பெட்டியின் முதல் வேலை. தாத்தா மோடம் செய்த அதே மொழிபெயர்ப்பு வேலைதான். இரண்டாவது, ரூட்டர் வேலை. தாம்பரம் ஸ்டேஷனில் வந்து இறங்குகிறவர்கள் கிழக்குப் பக்கம், மேற்குப் பக்கம் என்று பிரிந்து போவார்கள் இல்லையா? அதுபோல, வந்த தகவல் அண்ணனின் கம்ப்யூட்டருக்கா, அம்மாவின் போனுக்கா என்று பார்த்துப் பிரித்து அனுப்புவது ரூட்டர்.

பள்ளிக் கம்ப்யூட்டர் அறையில் வரிசையாகத் துளைகள் உள்ள ஒரு தட்டைப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் ஸ்விட்ச். (ஃபேன் போடும் ஸ்விட்ச் இல்லை!) ஒரே அறையில் உள்ள நாற்பது கம்ப்யூட்டர்களில், எந்தத் துளையில் எது இருக்கிறது என்று அது நினைவில் வைத்திருக்கும். எப்படித் தெரியும்? இப்படி இணைக்கும் ஒவ்வொரு கருவிக்கும் 12 எழுத்தில் ஒரு அடையாள எண் உண்டு. 0 முதல் 9 வரை எண்களும், ஏ முதல் எஃப் வரை ஆங்கில எழுத்துகளும் கலந்து வரும்.

உங்கள் வீட்டுப் பெட்டியைத் திருப்பினால், அடியில் உள்ள லேபிளில் இந்த எண் அச்சாகியிருக்கும். அப்பா, அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தேடிப் பாருங்கள். பக்கத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு குட்டித் துளை இருந்தால் அதை மட்டும் குத்திவிடாதீர்கள். அது ரீசெட்!