இரண்டு கிராம் நூடுல்ஸ்

ஊடோன் என்பது ஜப்பானியர்கள் விரும்பிச் சாப்பிடும் தடித்த கோதுமை நூடுல்ஸ். வேகவைத்த ஊடோன் 200 கிராமில் கோதுமைப் புரதம் 5.2 கிராம் இருக்கும். கோதுமை ஒவ்வாமை கடுமையாக உள்ள குழந்தைக்கு அதில் ஒரு துணுக்கே போதும். சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் என்று வந்து, ரத்த அழுத்தமும் சரியலாம். இதுதான் அனாஃபிலாக்சிஸ். உடனே அட்ரினலின் ஊசி போடாவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஜப்பானின் சகாமிஹாரா தேசிய மருத்துவமனை இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு அந்த ஊடோனையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்தது.

கோதுமையில் உள்ள ஓமேகா-5 கிளையடின் போன்ற புரதங்களை இக்குழந்தைகளின் உடல் எதிரியாகக் கருதி, ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளை உருவாக்கி வைத்திருக்கிறது. தோல், குடல், மூச்சுக்குழாய் எங்கும் பரவியிருக்கும் மாஸ்ட் செல்களின் மேற்பரப்பில் அது ஒட்டிக்கொண்டிருக்கும். கோதுமைப் புரதம் வந்து பக்கத்துப் பக்கத்து ஐஜிஇக்களைப் பிணைத்தவுடன், செல் தன்னிடமுள்ள ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை மொத்தமாகக் கொட்டிவிடுகிறது. தடிப்பும் மூச்சுத்திணறலும் அதனால்தான். கோதுமையால் வரும் இன்னொரு நோயான சீலியாக் இதிலிருந்து வேறு. அதற்கு ஊடோன் சிகிச்சை பொருந்தாது.

ஒவ்வாத உணவையே மருந்தாகக் கொடுக்கும் இந்த வாய்வழி நோயெதிர்ப்புச் சிகிச்சை நம்பியிருப்பது அளவை மட்டுமே. குழந்தை எந்த அளவுவரை தாங்கும் என்பதை மருத்துவமனையில் சோதித்து, அதற்கும் கீழே தொடங்கி, நாள்தோறும் கொடுத்து, மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். காலப்போக்கில் ஐஜிஜி4 என்ற வேறொரு எதிர்ப்பொருள் பெருகுகிறது. ஐஜிஇயின் கையில் சிக்குமுன் புரதத்தை இது பிடித்துக்கொள்கிறது. மாஸ்ட் செல்லும் முன்போலச் சட்டென்று வெடிப்பதில்லை.

இந்த யோசனை புதிதன்று. முட்டை ஒத்துக்கொள்ளாத 13 வயதுச் சிறுவனுக்கு மிக நுண்ணிய அளவில் முட்டையைக் கொடுக்கத் தொடங்கி, கடைசியில் முட்டை சாப்பிடவே வைத்ததை 1908ஆம் ஆண்டு ஆல்ஃபிரட் ஸ்கோஃபீல்டு என்ற மருத்துவர் ‘லான்செட்’ இதழில் எழுதினார். ஐஜிஇ கண்டறியப்பட்டதோ 1960களில்தான்!

சகாமிஹாராவில் சிகிச்சை பெற்ற 18 குழந்தைகளில் 16 பேர் 5.2 கிராம் புரதத்தைத் தாங்கும் நிலையை எட்டியதாக 2015இல் ஆய்வு வெளியானது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், இடையில் கோதுமையை நிறுத்திவைத்துச் சோதித்தபோது 11 பேர் தாங்கினார்கள். அமெரிக்காவில் 2019இல் வெளியான ஆய்வில், ஓராண்டுச் சிகிச்சைக்குப் பின் 23 பேரில் 12 பேர் சுமார் 4.4 கிராம் புரதத்தைத் தாங்கினார்கள். போலி மருந்து பெற்றவர்களில் ஒருவர்கூட இல்லை. ஆனால் இரண்டாம் ஆண்டு முடிவில் 8 முதல் 10 வாரம் நிறுத்திப் பார்த்தபோது, தாங்கும் சக்தி நிலைத்தது 13 சதவீதம் பேரிடம் மட்டுமே.

ஆக, தாங்குவது வேறு, குணமாவது வேறு. நேற்று ஒத்துக்கொண்ட அதே அளவு, இன்று காய்ச்சல் இருந்தாலோ, சாப்பிட்ட கையோடு ஓடி விளையாடினாலோ ஒவ்வாமையைக் கிளப்பிவிடலாம். அதனால்தான் பெரிய அளவை எட்டுவதை எல்லாரும் இலக்காக வைப்பதில்லை. சகாமிஹாரா மருத்துவர்களே பின்னர் 53 மில்லிகிராம் புரதத்தோடு, அதாவது சுமார் 2 கிராம் ஊடோனோடு நிறுத்தியும் ஆராய்ந்தார்கள். தெரியாமல் வாயில் பட்ட கோதுமை ஒரு பிள்ளையின் உயிருக்கு உலைவைக்காமல் இருந்தாலே அது பெரிய வெற்றி அல்லவா!

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கோதுமை ஒவ்வாமை பல குழந்தைகளுக்கு வளர வளரத் தானாகவே நீங்கிவிடும். அதனால் சிகிச்சை தேவையா என்பதையே முதலில் ஒவ்வாமை நிபுணரிடம் கேளுங்கள். ‘கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்’ என்று வீட்டில் நீங்களாகச் சப்பாத்தியைப் பிய்த்துக் கொடுத்துப் பார்க்காதீர்கள்.